ஒரு பக்கம் விடாமல்

"அய்யய்யோ! என்ன பண்றீங்க?"

அமலராணி புத்தக வெளியீட்டு மேடையிலிருந்தே கத்தினாள். மூன்றாவது வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், சற்று முன் வாங்கிய அவளுடைய நாவலின் அட்டையை டர்ரென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

சும்மா அட்டையா அது? பதிப்பாளர் ஒருவரும் சீந்தவில்லை என்ற ரோஷத்தில், தானே ஜெராக்ஸ் எடுத்து, தாள் அடுக்கி, ஊசி நூலால் தைத்து, ஐம்பது பிரதிக்கும் ஐம்பது விதமாகக் கையால் வரைந்த அட்டை!

"இல்ல மேடம், இது இன்னான்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களுக்கெல்லாம் எதுக்குங்க புத்தகம்?"

ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மென்ட் ஹாலே அவரை முறைத்தது. கிழித்த அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மனிதர் நழுவிவிட்டார்.

தலைமை தாங்கிய யக்ஞநாராயணன் சார் மைக்கைப் பிடித்தார். "எனக்கு முன்னாடியே ஒரு பிரதி கொடுத்திருந்தாங்க. ஒரு பக்கம் விடாம ரெண்டு தடவை படிச்சேன். என்ன நடை! என்ன நடை!"

ஒரே கைத்தட்டல். ஐம்பதும் அன்றைக்கே தீர்ந்தது.

முதல் பக்கத்தில் செல் நம்பர் போட்டிருந்தாள். இரண்டு மாதம் போன் ஓயவில்லை.

"அமலா, நீ அட்டையில வரைஞ்ச மயில் எங்க டிவிக்கு மேல ஜம்முனு உட்கார்ந்திருக்கு."

"மேடம், சோபாவுக்கு மேட்ச்சா பச்சையில ஒண்ணு கிடைக்குமா?"

"கதை எப்படிங்க இருந்தது?" என்று இவளாகக் கேட்டால், "பிரமாதம்!"

அந்தப் பிரமாதத்தைத் தாண்டி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதாநாயகி கன்னியம்மாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று ஏங்கிப் போனாள்.

ஒரு மதியம் புது நம்பர்.

"மேடம், ஏசுபாதம் பேசறேன். திருமுடிவாக்கத்துல லேத் ஓட்டறேன். அன்னிக்கு அட்டை கிழிச்சேனே..."

"அதுக்கு இப்ப என்ன?"

"கோச்சுக்காதீங்க மேடம். எம்பத்தாறாம் பக்கத்துல கன்னியம்மா புள்ளையத் தேடிக்கினு ரயில் ஏறுது. எம்பத்தொம்பதுல வூட்ல மீன் கழுவிகினு கீது. நடுவுல ஒரு தாளைக் காணோம். புள்ள கெட்ச்சானா, இல்லியா? இங்க ஒரே பேஜாரா கீது."

அமலராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கன்னியம்மா!

"நாங்க நாலு பேரு, ஒரு புக்கு. நாலாப் பிரிச்சு, ஷிப்டுக்கு ஷிப்டு மாத்திப் படிக்கறோம். அதுக்குதான் அட்டைய எடுத்தேன். அத வூட்ல பத்திரமா வெச்சிகினு கீறேன். இப்ப தாளைத் தொலைச்சது தனசிங்குதான்னு அவனோட யாரும் பேசறதில்ல."

"ஒரு நிமிஷம் இருங்க."

கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பெயின்ட் டப்பாக்களுக்குக் கீழே, அட்டை வரையும்போது தரை அழுக்காகாமலிருக்கப் பரப்பிய தாள்கள். வேஸ்ட் பேப்பர் என்று நினைத்து எடுத்துப் போட்டவை. ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினாள்.

ஐம்பது தாள். ஐம்பதும் எண்பத்தேழாம் பக்கம்.

'ஒரு பக்கம் விடாம ரெண்டு தடவை' என்ற மைக் குரல் காதுக்குள் ஒலித்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டாள்.

"அண்ணா, தனசிங்கை ஒண்ணும் சொல்லாதீங்க. தொலைச்சது நான்தான். ஐம்பது புத்தகத்துலயும் அந்தத் தாள் இல்ல."

"அம்பதுலயுமா? ரெண்டு மாசம் ஆச்சே மேடம், வேற யாருமே கேக்கலியா?"

"வேற யாரும் அட்டையைக் கிழிக்கலையேண்ணா!"