பழைய சீட்டு

அடிவயிறு வெடித்துவிடும்போல இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, பிரசவ வார்டுக்கு வெளியே கிடந்த பெஞ்சின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். பொறு என்று சொல்லிவிட்டுப் போன பெரிய சிஸ்டர் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

பெருக்கிக்கொண்டு வந்த ஆயா நின்று, எத்தனையாவது மாசம் என்று கேட்டாள். மாசமும் இல்லை ஒன்றும் இல்லை, அத்தனையும் தண்ணீர் என்றாள் இவள். ஸ்கேன் எடுக்க வயிறு முட்டக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்கவேண்டுமாம். அடக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

போன மாதம் இதே பெஞ்சில் தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டு வந்தாள். அடுத்த மாதம் வா என்று பெரிய சிஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். செங்கல் சூளையில் அன்றைய வேலை போனதோடு, வீட்டில் மாமியாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இன்றைக்கு அந்த மாமியாரே கூட வந்திருக்கிறாள். மூன்று வருஷமாக மாத்திரை தின்றும் மருமகள் வயிறு திறக்கவில்லை. கோளாறு இவளிடம்தான் என்று தெரிந்துவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்க்கவேண்டியதுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் வாங்கவேண்டிய சாமானைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மூன்று வருஷத்தில் இங்கே ஒருத்தரும் அவளைத் தொட்டுப் பார்த்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து மாத்திரை எழுதுவார்கள், நின்றபடியே வாங்கிக்கொண்டு போவாள்.

மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள், ஐந்து வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது கொடுத்த சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடந்தது. பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது. அது பிறந்ததற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தத் தாள்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் அந்தக் கிறுக்கலில் பிள்ளையின் எடை மட்டும்தான் அவளுக்குப் பிடிபடும். ஒவ்வொரு தடவையும் நீட்டுவாள். "பழைய குப்பையை எதுக்குத் தூக்கிட்டு அலையற, சூளைக்காரி?" என்று பெரிய சிஸ்டர் தள்ளிவிடுவார்.

அந்தக் கையைப் பார்த்தாலே அவளுக்குப் பிரசவ நாள் ஞாபகம் வந்துவிடும். அன்றைக்குப் பிள்ளை வந்து, நஞ்சுக்கொடியும் வந்தான பிறகு, இன்னொரு தரம் அந்தக் கை உள்ளே போனது. கத்தினாள். தொடையில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. "சும்மா கிட. சுத்தம் பண்றோம்."

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள்.

ஸ்கேன் அறையில் புதிதாக வந்த பெண் டாக்டர் இருந்தார். "குளுகுளுன்னு இருக்கும்மா, வயித்து மேல தடவறேன்" என்று சொல்லிவிட்டுக் களிம்பைத் தடவினார். தொடுமுன் சொல்லிவிட்டுத் தொட்ட முதல் ஆள்.

வயிற்றில் ஓடிய கருவி ஓர் இடத்தில் நின்றது. நகர்ந்தது. மறுபடி அதே இடத்துக்கு வந்து அழுத்தியது. டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்துக் கட்டியா என்று கேட்டாள். பெரிய சிஸ்டரை வரச் சொன்னார் டாக்டர். பின்னாலேயே மாமியாரும் நுழைந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மாமியார்.

பழைய காகிதம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அதெல்லாம் ஒன்றும் கிடையாது என்றார் சிஸ்டர். அவள் படுத்தபடியே பிளாஸ்டிக் பையை நீட்டினாள். டாக்டர் கிழிந்த தாளை மேசையில் சேர்த்து வைத்து, கடைசி வரிவரை விரலை ஓட்டினார்.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. பிள்ளை தங்காம இருக்க உள்ள காப்பர்-டி இருக்கு. பிரசவம் ஆன அன்னைக்கே இங்கதான் போட்டிருக்காங்க, கீழ சிஸ்டர் கையெழுத்து இருக்கு. அதை வச்சுக்கிட்டு எதுக்கும்மா மூணு வருஷமா மாத்திரை சாப்பிட்டீங்க?"

மாமியார் மேசைமேல் இருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

அப்போது எல்லாருக்கும் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு, ஒவ்வொருத்தரிடமும் விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது என்று சிஸ்டர் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு கையுறையை இழுத்து மாட்டினார். "பக்கத்து ரூமுல போய்ப் படு. அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன்."

அவள் வயிற்றைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். நேரே கழிவறைக்குப் போனாள். ஒரு அவசரமும் இல்லாமல் இருந்துவிட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள். அதுவரை அவர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பக்கத்து அறைக் கட்டிலில் அவள் படுக்கவில்லை. முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையுறை மாட்டிய கை கிட்டே வந்தது.

"முதல்ல என்னைக் கேளுங்க சிஸ்டர். அஞ்சு வருஷமா ஒரு கேள்வி பாக்கி."