நகர்ந்த முள்

“வாய் கூசாமப் பொய் சொல்றான், டாக்டர்,” என்றான் கிளமென்ட்.

வாசலோரம் நின்ற பஷீர் அகமது விக்கித்துப்போனான். முக்கொம்பில் ஒரே இலையில் பிரியாணி தின்ற சிநேகிதர்கள். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரேடியம் வாட்சைத் தான் கட்டாமல், கிறிஸ்துமஸுக்குக் கிளமென்ட்டின் கையில் கட்டிவிட்டு அழகு பார்த்தவன் அவன்.

புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் மெஷினுக்கு இருவரும்தான் பொறுப்பு. மூடிய மெஷினிலிருந்து கதிர் கசிகிறதா என்று காலையில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் இவன், மறுநாள் அவன். முள் ஜீரோவில் நின்றால்தான் நோயாளியை உள்ளே விடலாம்.

புது வருஷம் பிறந்ததிலிருந்து கிளமென்ட் பார்த்தால் முள் ஏறுகிறது. பஷீர் பார்த்தால் மட்டும் ஜீரோவாம்.

“மீட்டர்ல கோளாறு இருக்குமோ?” என்றார் டாக்டர் அற்புதசாமி.

“பம்பாய்க்கு அனுப்பிச் சரிபார்த்து, போன மாசம்தான் வந்துச்சு. மீட்டர் பொய் சொல்லாது. இவன் அதைத் தொடாமலே ஜீரோங்கிறான்.”

நோயாளி படுக்கும் மேஜைமேல் மீட்டரை வைத்து, இடது கையால் அணைத்துப் பிடித்தான் கிளமென்ட். முள் நடுங்கி மேலே ஏறியது.

டாக்டரின் முகம் இறுகியது. “பஷீர், ஸ்ரீரங்கத்துலேருந்தெல்லாம் நம்மள நம்பி வராங்க. அவங்க உயிரோட விளையாடுறீங்களா? நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்.”

“அல்லா மேல சத்தியமா, நான் பார்த்தப்ப ஜீரோதான் டாக்டர்.” பஷீரின் குரல் உடைந்தது.

சத்தியம் வேறா! இவனையா கூடப்பிறந்தவனாக நினைத்தோம் என்று கிளமென்ட்டின் மனம் கொதித்தது. மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, ரேடியம் பூசிய முட்களால் இருட்டிலும் பச்சையாக மணி காட்டும் அந்த வாட்சை இடது கையிலிருந்து கழற்றினான்.

“இந்தா. துரோகி குடுத்தது எனக்கு வேணாம்.”

வாசலை நோக்கி வீசினான். பஷீர் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு, படியிறங்கிப் போனான்.

டாக்டர் மேஜைமேலிருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முள்ளு ஜீரோவுக்கு வந்துடுச்சு, கிளமென்ட்.”