மேலேயிருந்து வந்த விருந்தாளி

“கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நம்ம சர்ச்ல இந்தக் கல்யாணம் நடக்காது.”

சம்பந்தி அம்மா காகிதத்தை நீட்டினார். பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார். சர்ச் கமிட்டிச் செயலாளர் அவர்தான். மாப்பிள்ளையின் அம்மாவும் அவர்தான். தப்பிக்க வழியே இல்லை.

காகிதத்தில் ஒரே வரி. ‘என்னைப் படைத்தவர் கடவுளே, வேற்றுக்கிரகவாசிகள் அல்லர்.’

பெண்ணின் அப்பா டிவி ரிப்பேர்காரர். எல்லோருக்கும் அவர் ‘ரேடார்’. மொட்டை மாடியில் நாலு பழைய டிஷ்களை வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்து, நம்மைச் செய்தவர்கள் ஒருநாள் வருவார்கள் என்று காத்திருக்கிற மனிதர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கும் போவார். மைக் கரகரத்தால் சரிசெய்ய முதலில் ஓடுவது அவர்தான்.

“சரி, அவங்க நம்மளைப் படைச்சாங்கன்னே வச்சுக்குவோம். அவங்களைப் படைச்சது யாரு?” மடக்கிவிட்ட பூரிப்பில் சம்பந்தி அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். ரேடார் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த ஒரே மெத்தை நாற்காலியைப் பிடித்திருந்தவர் அவர்தான். போதகருக்கு ஸ்டூல்.

“அதைக் கேக்கத்தான் சம்பந்தி இத்தனை வருஷமா காத்திருக்கேன்” என்றார் ரேடார்.

“ஐயா, நீங்க சொல்லுங்க!” என்று போதகர் பக்கம் திரும்பினார் சம்பந்தி அம்மா.

போதகர் தொண்டையைச் செருமினார். “மனுஷ உடம்பைப் பாருங்க. எவ்வளவு நேர்த்தி! அந்தக் கைவேலை வேற யாருக்கு வரும்?”

“முழங்காலைப் பாத்தீங்களாய்யா? அம்பது வயசுல கழண்டுக்குது. ரிப்பேர்காரன் சொல்றேன், அது அவசரத்துல மாட்டினது. ஆண்டவர் அப்படி வேலை செய்வாரா? இது யாரோ வெளி கம்பெனி!”

போதகர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தி அம்மா முறைத்ததும் அதை இருமலாக்கினார்.

“அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா.” மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரேடார் பேனாவை எடுத்தார். வைத்தார். “மனசுல இல்லாததை எழுதினா பொய்யாயிடுமேம்மா.”

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

ரேடார் திறந்தார். வாசலில் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வலை. முதுகில் உருளை. தோளில் நீளமாக ஏதோ ஓர் அலுமினியக் கருவி. அது கையைத் தூக்கி, “ம்ம்... ம்ம்...” என்றது.

“வாங்க, வாங்க! மேலேருந்துதானே வர்றீங்க?”

உருவம் தலையாட்டியது.

“கர்த்தாவே!” சம்பந்தி அம்மா எழுந்த வேகத்தில் கைப்பை ஒரு பக்கம் போனது, கண்ணாடி ஒரு பக்கம் போனது. அடுத்த நொடி போதகரின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். இத்தனை நேரம் வேற்றுக்கிரகவாசியாவது ஒண்ணாவது என்று வாதாடிய அதே அம்மாதான்.

“இங்க உக்காருங்க” என்று ரேடார் அந்த மெத்தை நாற்காலியைக் காட்டினார். ஃபேனைக் கூட்டினார். “ஐஸ் தண்ணி கொண்டாம்மா! சம்பந்தி, அந்த கேக் தட்டை இப்படித் தள்ளுங்க.”

தனக்கென்று வைத்திருந்த கேக்கை சம்பந்தி அம்மா போதகருக்குப் பின்னாலிருந்தே கையை நீட்டித் தள்ளிவிட்டார்.

உருவம் தலைக்கவசத்தைக் கழற்றியது. உள்ளே வியர்வையில் குளித்த ஒரு சாதாரண மனுஷ முகம். மூன்று தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது.

“நல்லா இருக்கணும்யா நீங்க. எதிர்ல உங்க சர்ச் கூரையில குளவிக்கூடு எடுத்துட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஏதோ கல்யாணமாம்ல? காலைல இதே உடுப்போட சர்ச் ஆபீஸுக்குப் போய் இந்தம்மாகிட்டதான் தண்ணி கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்காம, பின்பக்கம் குழாய் இருக்குன்னாங்க. குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. தலை சுத்திடுச்சு.”

கேக்கைச் சாப்பிட்டு, கும்பிட்டுவிட்டு, வாசலில் சாய்த்து வைத்திருந்த அந்த அலுமினியக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

போதகர் காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

“ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கல்யாணம்.”

மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

“ஐயா! கையெழுத்து?” என்று பதறினார் சம்பந்தி அம்மா.

“தன்னைப் படைச்சது யாருன்னுதான் இவருக்குத் தெரியல. படைச்சவரே வந்து கதவைத் தட்டினா எப்படி நடந்துக்கணும்னு நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கே.”

“என்ன தெரியும்? குளவி எடுக்க வந்த ஆளை வேற்றுக்கிரகவாசின்னு நினைச்சு விழுந்து விழுந்து கவனிச்சவருக்கு!”

“நானா?” ரேடார் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏணியைத் தோள்ல தூக்கிக்கிட்டு நட்சத்திரத்துலேருந்து யாராவது வருவாங்களா? கதவைத் திறந்ததுமே ஆளைத் தெரிஞ்சுபோச்சு. காலைலேருந்து அந்தக் கூரையிலதானே நிக்கிறாரு!”

“அப்போ அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுதானே?”

ரேடார் குனிந்து அவருடைய கண்ணாடியை எடுத்தார். துடைத்து, பணிவாக நீட்டினார்.

“மனுஷன்தான்னு சொல்லியிருந்தா, அந்த நாற்காலியை விட்டு நீங்க எழுந்திருப்பீங்களா, சம்பந்தி?”