குழந்தையின் சொல்

அறிக்கை நீதிபதியின் மேசைக்குப் போய்விட்டது. இனிக் காத்திருப்பதைத் தவிர பார்கவிக்கு வேலை இல்லை.

உட்காரப் பிடிக்காமல் நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். வார நாட்களில் அவள் சிட்னியில் சாஃப்ட்வேர் டெஸ்டர்; இன்று லீவு போட்டிருந்தாள். அடுத்தவர் செய்ததில் பிழை பிடிப்பது தொழில். சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்காக நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் தன்னார்வலர்.

எதிர் இருக்கையில் நேசமலர். போன வருடம் இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அவளுடைய ஏழு வயது மகள் நிவேதிகா ஒரு ஞாயிறு காலை டூங்கபி ரயில் நிலையத்தில் தனியாக நின்றிருந்தாள். போலீஸ் அழைத்துப் போனது. அன்று முதல் வளர்ப்பு வீட்டில் இருக்கிறாள்.

அவளைத் தாயிடம் திருப்பி அனுப்பலாமா என்பதுதான் இன்றைய விசாரணை. கூடாது என்று பார்கவி எழுதியிருந்தாள்.

'தாய் தன்னை வெளியே போகச் சொன்னதாகக் குழந்தை கூறுகிறாள். கோயிலுக்குப் போக இருந்தோம், நான் குளித்து வருவதற்குள் பிள்ளை தெருவில் இறங்கிவிட்டது என்கிறார் தாய். இரண்டும் ஒத்துப்போகவில்லை.'

பெற்ற பிள்ளையைத் துரத்திவிட்டுக் கோயிலைச் சாக்குச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்த நேசமலர்தான் இப்போது எழுந்து வந்தாள்.

"மிஸ், பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ?"

பார்கவிக்குப் பகீரென்றது. வளர்ப்பு வீட்டிலிருந்தும் ஓடிவிட்டதா குழந்தை? "வெளிய போயிட்டாளா? எங்க?"

நேசமலர் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஐயோ, போகேல்லை மிஸ். குளிச்சு, உடுப்பு மாத்தி, ஆயத்தமா நிக்கிறாளோ எண்டு கேட்டனான். இண்டைக்கு என்னோட விடுவினந்தானே?"

வெளிக்கிடு.

குழந்தை சொன்னதும் அந்தச் சொல்தான். 'அம்மா வெளிக்கிடச் சொன்னவ.' கோயிலுக்குப் போகத் தயாராகு என்று தாய் சொல்லியிருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரியான பார்கவியின் காதில் அது வெளியே போ என்று விழுந்தது. அப்படியே இங்கிலீஷில் எழுதிவிட்டாள். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

நேசமலரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

வக்கீல்கள் வாய் திறக்கும் முன் பார்கவி எழுந்தாள். தன் அறிக்கை தவறு என்றாள். நிவேதிகாவிடம் மறுபடி பேச வேண்டும், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவள் என்பதால்தான் இந்த வழக்கே அவளிடம் வந்தது.

"மொழிபெயர்ப்பாளர் யாருக்கு? குழந்தைக்கா?"

"இல்லை," என்றாள் பார்கவி. "எனக்கு."