இமெல்டா விட்ட தப்புகள்

"இவளுக்கெல்லாம் யாருய்யா விவசாய ஆலோசகர் வேலை குடுத்தது?"

லார்கனின் பண்ணைக் கதவைத் திறந்துகொண்டே பொருமினார் மலாக்கி. கூட வந்த டோனல் சிரித்தான்.

"போன மாசம் பார்லியைப் பாத்துக் கோதுமைங்கறா. சிரிக்கிறதா அழறதா?"

"உங்க பண்ணையில மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட குளோவர் செடியைப் பாத்துக் களைன்னு சொன்னாளே, அதை விடவா?"

"நான் சும்மா விட்டேனா? மண்ணுக்கு உரமே அதுதாம்மான்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்ல! அன்னிக்குத்தானே என்னைக் குழுத் தலைவராக்குனீங்க."

இந்தக் கதையை டோனல் இருபது தடவையாவது கேட்டிருப்பான். ஊர் மதுக்கடையில் கேட்காத ஆளே கிடையாது.

மலாக்கியின் மழைக்கோட்டுப் பையில் ஒரு கடிதம். 'ஆலோசகரை மாற்றுங்கள்' என்று தலைமை அலுவலகத்துக்கு. கீழே பதினோரு கையெழுத்து. முதுகுக்குப் பின்னால் குத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. டீ குடித்ததும் இமெல்டாவின் முகத்துக்கு நேராகவே படித்துவிடுவதாக முடிவு.

மாதத்தின் முதல் செவ்வாய், யாராவது ஒருவர் பண்ணையில் விவசாயிகள் குழு கூடும். நல்லது கெட்டதை எல்லோருமாகப் பேசுவார்கள். இந்த மாதம் லார்கன் முறை.

அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகாத அண்ணன் தம்பி இரண்டே பேர். பேச்செல்லாம் அண்ணன்தான் பேசுவார். ஈஸ்டர் சமயத்தில் அண்ணன் இறந்துபோனார். இவன் கூட்டத்துக்கு வருவான், ஓரமாக நிற்பான், போவான்.

இமெல்டா ஒரு பசுவின் முதுகைத் தட்டினாள்.

"இது இந்த வாரமே கன்னு போட்டுடும் போலிருக்கே!"

மலாக்கி டோனலை இடித்தார். 'ஆரம்பிச்சுட்டா.'

"இல்லீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லார்கன்!

"இன்னும் ஆறு வாரம் இருக்கு. வயித்துல ரெட்டை. அதான் பெருசாத் தெரியுது."

"அட, அப்படியா? எப்படிச் சொல்றீங்க?" என்றாள் இமெல்டா.

அவ்வளவுதான். அந்தப் பசுவின் தாய், பாட்டி, அண்ணன் அதற்கு வைத்த பெயர் என்று லார்கன் பேசிக்கொண்டே போனான். சுற்றி நின்றவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான்.

"பசு சினைகூடத் தெரியலை இவளுக்கு" என்று முணுமுணுத்தார் மலாக்கி.

அடுத்தது மேய்ச்சல் புல்லின் உயரம் அளப்பது. இமெல்டா இரண்டு கையாலும் அளவுகோலைப் பிடித்துக்கொண்டாள்.

"மலாக்கி, நான் சொல்லச் சொல்ல என் நோட்டுல எழுதுறீங்களா?"

வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டினார். நேற்றைய தேதியிட்ட பக்கம் கண்ணில் பட்டது.

'லார்கன். தனியாக இருக்கிறார், யாரோடும் பேச்சில்லை. 47ஆம் எண் பசு: ஏழரை மாதச் சினை, இரட்டை. இந்த வாரம் கன்று போடும் என்று சொல்ல வேண்டும்.'

மலாக்கிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் விரல்கள் தாமாகவே பின்னால் புரட்டின. பார்லிக்காரர் பெயர் இருந்தது. இன்னும் சில பெயர்கள். இரண்டு வருடம் முந்தைய ஜூன் மாதம் வந்தது.

'மலாக்கி. எல்லா மாட்டையும் விற்கப் போகிறாராம். தனக்கு விவசாயத்தில் ஒன்றும் தெரியவில்லை என்கிறாராம். மனைவி போனில் அழுதார். குளோவரைக் களை என்று சொல்ல வேண்டும்.'

"எழுதுறீங்களா, மலாக்கி?"

"ம்... சொல்லும்மா."

எழுதி முடித்து நோட்டை நீட்டினார்.

"ஏதோ கடிதம் படிக்கப் போறீங்கன்னு டோனல் சொன்னாரே?"

மலாக்கி பைக்குள் கையை விட்டுக் கடிதத்தை நன்றாகக் கசக்கினார். டோனல் தூரத்தில் நிற்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, குனிந்து அவள் காதருகே சொன்னார்:

"அடுத்த மாசம் டோனல் பண்ணை. அவனும் கொஞ்ச நாளா சரியில்லம்மா. மாட்டுக் குளம்பு வைத்தியம்னா அவனுக்கு உசிரு... அதுல தப்பு விடு."