ஏழு டப்பா

"தில்லையம்மா, படி ஏறாத. அங்கயே நில்லு."

கோதண்டபாணி சொன்னது தெருவுக்கே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தமாகச் சொன்னார். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் மெஸ் நடத்துகிறவர். நாலு பேர் காதில் விழாமல் அவர் எந்த நல்ல காரியமும் செய்வதில்லை.

"இன்னா மொதலாளி, பதினோரு வருஷமா இங்கதான சமைக்கிறேன்?"

"அதான் இப்ப வம்பா போச்சு. நம்ம மெஸ்ல சாப்ட்ட ஒம்பது பேரு டைபாய்டுல படுத்துக்கினு இருக்காங்க. ரெண்டு மாசம் முன்னாடி டைபாய்டுல படுத்தது நீதான?"

"அப்பவே சரியாயிடுச்சு. மூணு தடவ டெஸ்ட் எடுத்து, கிருமி இல்லன்னு ஆஸ்பத்திரில சீட்டு குடுத்த அப்புறந்தான் அடுப்பாண்டயே வந்தேன். இதோ பாருங்க."

அவர் சீட்டைத் தொடவில்லை. அதிலும் கிருமி இருக்குமாம்! வெளியூர் போனால்கூட வீட்டுத் தண்ணீரைக் கட்டி எடுத்துப் போகிற ஆசாமி அவர்.

"போம்மா. போய் வேற எடம் பாரு."

வேறு இடம் எங்கே கிடைக்கும்? அக்கம்பக்கத்து ஓட்டல்களுக்கெல்லாம் காலையிலேயே போன் போட்டு, "அந்தம்மாவ வேலைக்கு வெச்சுக்காதீங்க" என்று சொல்லி முடித்திருந்தார். செவிலிமேட்டில் வாடகை வீடு, காலேஜில் படிக்கிற மகள். இந்தச் சம்பளத்தை விட்டால் தில்லையம்மாளுக்கு வேறு நாதியில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் பிரேம்நாத் வந்தார். கையில் ஏழு சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

"சாப்பாட்டுல கை வைக்கிறவங்க எல்லாரும் நாளைக்குக் காலைல டெஸ்ட்டுக்கு மலம் குடுக்கணும் சார். வேலையாளுங்க ஆறு பேரு, நீங்க ஒருத்தர்."

"நானுமா? நான் மொதலாளி சார்!"

"தயிர்சாதம் யாரு பெசையறது?"

"அது நான்தான். என் கைப்பக்குவத்துக்குத்தான் கூட்டமே வருது."

"அப்ப நீங்களும்தான். சில பேருக்குக் காய்ச்சலே இருக்காது, ஆளு கல்லு மாதிரி இருப்பாங்க. ஆனா கிருமி வருஷக்கணக்கா உள்ளயே இருந்துக்கினு, கை வழியா சாப்பாட்டுல எறங்கும். யாருக்கு இருக்குதோ அவங்கள மட்டும் சமையல்லேர்ந்து தள்ளி வெச்சு, மருந்து குடுத்து, போயிடுச்சுன்னு தெரிஞ்சா திரும்ப விட்டுடுவோம். பயப்பட ஒண்ணுமில்ல."

"நான் எதுக்கு சார் பயப்படறேன்? எல்லாத்தையும் நானே சேர்த்து ஆஸ்பத்திரில குடுத்துடறேன்."

ஆய்வாளர் தலை மறைந்ததும் கோதண்டபாணிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் கருட சேவை. சின்ன காஞ்சிபுரமே கொள்ளாத கூட்டம் வரும். இந்த நேரம் பார்த்து ஆறு பேரில் எவனுக்காவது கிருமி என்று வந்து தொலைத்தால்? எவன் எங்கே தின்கிறானோ, எப்படிக் கை கழுவுகிறானோ! பதினைந்து வருஷமாக அவர்கள் போடுகிற இலையில்தான் இவர் பிழைப்பு நடக்கிறது. ஆனாலும் ஒருவன்மேல்கூட அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை, பரிமாறுகிற முருகேசன் தலையைச் சொறிந்தபடி வந்தான்.

"மொதலாளி, என் டப்பா எங்க?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. நீ போய் இலையப் போடு."

"நான் இன்னும் குடுக்கவே இல்லயே?"

கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள நம்பினா மெஸ்ஸ இழுத்து மூட வேண்டியதுதான். நல்ல சுத்தமான ஆளா பார்த்து, எல்லா டப்பாவையும் ரொப்பிக் குடுத்துட்டேன். வெளில மூச்சு விட்ட, தில்லையம்மா கதிதான் உனக்கும்."

முருகேசன் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மாசச் சம்பளக்காரனுக்கு அதற்குமேல் என்ன தைரியம் இருக்கும்?

கருட சேவைக்கு முந்தின நாள் பிரேம்நாத் மறுபடி வந்தார். முகம் சரியில்லை.

"மெஸ்ஸ மூடுங்க சார்."

"இன்னா சார் சொல்றீங்க?"

"ஏழு பேருக்கும் டைபாய்டு கிருமி இருக்குது. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததே இல்ல. மருந்து முடிச்சு, திரும்ப டெஸ்ட்டுல இல்லன்னு வர்ற வரைக்கும் ஒருத்தரும் அடுப்பாண்ட போகக் கூடாது. ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

"எல்லாம் அந்த தில்லையம்மா ஒட்ட வெச்சுட்டுப் போனது சார்!"

"அவங்க அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து, தானா கேட்டு டெஸ்ட் குடுத்துட்டுப் போனாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

பின்னால் நின்ற ஆறு பேரும் வெளுத்துப்போனார்கள். ஒரு மாதம் வேலை இல்லையென்றால் வீட்டில் என்ன சொல்வது? முருகேசன் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோதண்டபாணிக்கு அந்த முகங்கள் எதுவும் கண்ணில் படவில்லை. வந்து இறங்கியிருந்த அரிசி மூட்டைகளும், நாளைக்கு வாசலில் நிற்கப்போகிற கூட்டமும்தான் தெரிந்தன.

"சார், ஒரே ஒரு ஆளுக்குத்தான் கிருமின்னா, மத்தவங்கள வெச்சு மெஸ்ஸ நடத்திக்கலாமா?"

"மத்தவங்களுக்கு இல்லன்னு டெஸ்ட்டுல வந்தா தாராளமா நடத்தலாம். இங்கதான் ஏழு பேருக்கும் இருக்குதே?"

கோதண்டபாணி ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தார். அந்த வாரத்திலேயே முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஓர் உண்மை வந்தது. அதுவும் வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்றுதான்.

"ஏழு பேருக்கு இல்ல சார். ஏழு டப்பாவும் என்னுதுதான்."