நகம் வெட்டும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு வேதக்கோயில் மணி அடித்தபோது என் மனைவி எப்சிபாய் வாசலில் உட்கார்ந்து எனக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக ஆராதனை நேரம் எங்களுக்கு நகம் வெட்டும் நேரம். யாரோடும் சண்டையில்லை, நம்பிக்கை போய்விட்டது, போதகரிடம் சொல்லிவிட்டே சபையிலிருந்து விலகினோம். ஒன்பது விரல் முடிந்திருந்தது. “கைய ஆட்டாதீங்க” என்றவள் அப்படியே என் மடியில் சாய்ந்தாள். மூச்சு நின்றிருந்தது.

மாலையில் சபை உபதேசியார் ஒரு தாளோடு வந்தார். கடைசி நேரத்தில் அவள் மனந்திரும்பி ஜெபித்ததாக அதில் எழுதியிருந்தது.

“விலகிப் போனவங்களுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. அவங்க அம்மா கல்லறைக்குப் பக்கத்துலயே இடம் தாரோம். பொய்யின்னு யாருக்குத் தெரியப்போவுது?”

அம்மா பக்கத்தில் படுக்க அவளுக்கு ஆசை இருந்தது. நான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன்.

“அவ கடைசியாச் சொன்னது ‘கைய ஆட்டாதீங்க’ன்னுதான். அதை எழுதிட்டு வாங்க, போடுதேன்” என்றேன்.

அவர் தாளை மடித்துக்கொண்டு போனார். மறுநாள் நகராட்சி மயானத்தில் அவளை எரித்தோம்.

மணி இப்போதும் எட்டரைக்குத்தான் அடிக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கையை ஆட்டுவதில்லை.